எழுத்து காத்திருக்கும் கேமாகப் பாருங்கள்: விளையாடிக்கொண்டே அந்நிய மொழி கற்கும் வழி

கேமின் மொழியை மாற்றிவிட்டால் போதும், மீதி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி இறங்குபவர்கள் அதிகம். மூன்றாம் நாளே பழைய மொழிக்குத் திரும்பிவிடுபவர்களும் அவர்களேதான். சோம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் கோளாறு, தேர்ந்தெடுத்த கேமில் இருக்கிறது. கார் ஓட்டியபடி சுட்டுக்கொண்டிருக்கும்போது திரையின் அடியில் இரண்டு வினாடி மின்னி மறையும் சப்டைட்டிலை, புதிதாகக் கற்கும் யாராலும் படிக்க முடியாது.

நாம் பட்டனை அழுத்தும்வரை எழுத்து திரையில் நிற்க வேண்டும். மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கீழே வரும் உதாரணங்களில் பாதிக்கு மேல் ஜப்பானிய மொழி. எழுத்து, அகராதி, பேச்சு நடை மூன்றிலும் சிக்கல் அங்கேதான் அதிகம் என்பதால் அதை எடுத்துக்கொண்டோம். ஸ்பானிஷோ ஜெர்மனோ கற்பவர்கள் எழுத்து பற்றிய பகுதிகளைத் தாண்டிப் போகலாம்.

கேமைத் திறப்பதற்கு முன்

வெறுங்கையோடு போகக் கூடாது. முதலில் எழுத்து: ஜப்பானியத்தில் ஹிரகனா 46, கத்தகனா 46. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் தட்டுத்தடுமாறிப் படிக்க வந்துவிடும். கத்தகனாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கேம் மெனுக்கள் முழுக்க அதுதான். ‘ஐத்தெமு’ என்று எழுத்துக்கூட்டினால் ஐட்டம், ‘சேபு’ என்றால் சேவ். பாதி மெனு இலவசமாகப் புரிந்துவிடும்.

அடுத்தது, அடிக்கடி வரும் சொற்களில் 500 முதல் 1000 வரை. இதற்கு ஆன்கி என்ற மனப்பாடச் செயலி போதும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள் என்று அட்டை போட்டுக்கொண்டால், மறக்கப்போகும் நேரம் பார்த்து ஒவ்வொரு அட்டையையும் திரும்பக் காட்டுவதுதான் அதன் வேலை. புதிய சொல் நாளுக்கு 20 என்று அதில் முன்கூட்டியே வைத்திருக்கும்; அதை 10 ஆகக் குறையுங்கள். பத்து வீதம் மூன்று மாதத்தில் 900 சொல் ஆகிறது. சில வாரங்கள் கழிந்ததும் பழைய அட்டைகள் தினம் எழுபது, நூறு என்று திரும்பி வரும். கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும்.

இலக்கணத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். அடிப்படைப் புத்தகம் ஒன்றை ஒருமுறை புரட்டி, ‘இப்படி ஒன்று உண்டு’ என்று அடையாளம் தெரிந்தால் போதும். ஜப்பானியத்தைப் பொறுத்தவரை தமிழ் தெரிந்தவருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, எழுவாயை விட்டுவிட்டும் பேசலாம். அதோடு நிற்கவில்லை. ‘தபெத்தெ’ என்றால் சாப்பிட்டு, ‘மிரு’ என்றால் பார். ‘தபெத்தெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘கைத்தெ ஒக்கு’ என்பது எழுதி வை. ‘மொத்தெ குரு’ எடுத்து வா, ‘மொத்தெ இக்கு’ எடுத்துப் போ. கேள்விக்குக் கடைசியில் ஒட்டும் ‘கா’ நம் ‘ஆ’ செய்யும் வேலையைத்தான் செய்கிறது. ஆங்கில வழியில் எழுதிய பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதைத் தமிழில் ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதனால் அட்டையின் பின்பக்கத்தில் பொருளைத் தமிழிலேயே எழுதுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க அரசின் வெளிநாட்டுப் பணி மொழிப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுபவர்கள் ஸ்பானிஷில் தொழில்முறைத் திறமை பெற 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜப்பானியத்துக்கு 2200 மணி நேரமும் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. தினம் ஒரு மணி நேரம் என்று போட்டால் 2200 என்பது ஆறு வருடம். அவ்வளவு நேரத்தையும் அலுக்காமல் செலவிட ஒரு வழி என்பதுதான் கேமுக்கு உள்ள மதிப்பு. அது குறுக்கு வழி இல்லை.

எந்த கேம்?

கதை ஏற்கெனவே தெரிந்த கேம்தான் முதல் தேர்வு. தாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ ஒருமுறை முடித்த கேமை எடுத்தால், அடுத்து யாரைப் பார்க்கப் போக வேண்டும் என்று தெரியும்; கவனம் முழுக்கச் சொல்லில் நிற்கும்.

பண்ணை, வீடு, கிராமம் என்று வாழ்க்கையை ஓட்டும் கேம்கள் ஆரம்பத்துக்கு அருமை. ஸ்டார்டியூ வேலியில் விதை, வாளி, மழை, சந்தை என்று கையில் பிடிக்கக்கூடிய பொருள்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. தனியாக விளையாடும்போது வசனப்பெட்டி திறந்திருக்கும்வரை கேமின் கடிகாரமும் நிற்கும். மைன்கிராஃப்ட் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. பொருளின் மேல் சுட்டியை வைத்தால் பெயர் வரும். ஆனால் வாக்கியம் அதிகம் கிடையாது, சொல்லோடு நின்றுவிடும். தி சிம்ஸில் எழுத்து பயன்படும், காது பயன்படாது: அதில் எல்லோரும் பேசுவது சிம்லிஷ் என்ற இட்டுக்கட்டிய மொழி. குரல் இருக்கிறது என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு.

ஒரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து, முறை மாற்றி அடிக்கும் ஆர்பிஜி வகையில் எழுத்து நிற்கும், சண்டை மெனுவின் இருபது சொற்கள் ஒரே வாரத்தில் ரத்தத்தில் ஊறிவிடும். போக்கேமான் இதில் நல்ல நுழைவாயில். 2010-இல் வந்த பிளாக், வைட் பதிப்புகள் முதல் ஜப்பானியத்தில் கனா (ஹிரகனாவும் கத்தகனாவும்) மட்டும் வேண்டுமா, கஞ்சியும் (சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள்) வேண்டுமா என்று கேட்கிறது. 2013-இன் எக்ஸ், ஒய் பதிப்புகள் முதல் ஆரம்பத்திலேயே மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்தத் தேர்வு அந்த சேவுக்கு முடிந்த முடிவு, பாதியில் மாற்ற முடியாது. நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் வரும் முதன்மைப் போக்கேமான் கேம்களில் ஒரு பயனர் கணக்குக்கு ஒரே சேவ்தான். பழைய ஆட்டத்தை இழக்காமல் வேறு மொழியில் தொடங்க, கன்சோலில் இன்னொரு பயனரை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

கனா மட்டும் இருந்தால் எளிது என்று தோன்றும். அது ஒரு பொறி. ‘ஹஷி’ பாலமும் ஆகும், சாப்பிடும் குச்சியும் ஆகும். ‘ஹனா’ பூவும் மூக்கும். கஞ்சி இருந்தால் பார்த்ததும் பிரித்துவிடலாம். பழைய கேம்கள் சிலவற்றில் சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இருக்காது. கஞ்சியின் தலைக்கு மேலே சின்னதாகக் கனா எழுதியிருக்கும் கேம்தான் சரியான நடுவழி. அந்தச் சின்ன எழுத்துக்கு ஃபுரிகனா என்று பெயர். வாங்கும் முன் அந்த கேமின் ஜப்பானியப் பதிப்பை யாராவது விளையாடும் காணொளியில் வசனப்பெட்டியை நிறுத்திப் பார்த்தால் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

படக்கதை போல நகரும் விஷுவல் நாவல் வகையில் குரல், கடந்த வசனங்களின் பதிவு, ஒரே வசனத்தைத் திரும்பக் கேட்கும் பட்டன் எல்லாம் பெரும்பாலும் இருக்கும். மொழிக்கென்றே செய்ததுபோல் இருந்தாலும் எழுத்தின் அளவு மலை. அதை இரண்டாவது, மூன்றாவது கேமாக வையுங்கள்.

கேம் மிகக் கடினமா என்று பார்க்க ஒரு சோதனை. நடுவிலிருந்து ஏதாவது சில வசனப்பெட்டிகளை எடுத்து நூறு சொல் எண்ணுங்கள். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷனின் ஆய்வுகள்படி, அகராதியில்லாமல் வசதியாகப் படிக்க நூற்றில் 98 சொல் தெரிந்திருக்க வேண்டும். கற்பவருக்கு அவ்வளவு வேண்டாம். படமும் சூழலும் கை கொடுக்கும். பத்து வரை தெரியாவிட்டால் அகராதியோடு சமாளிக்கலாம். இருபதைத் தாண்டினால் அது விளையாட்டாக இருக்காது, தண்டனையாக இருக்கும். ஆறு மாதம் அலமாரியில் வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

அமைப்பு வேலைகள்

கணினி கேம்களை விற்கும் ஸ்டீமில் வாங்கும் முன் கடைப் பக்கத்தில் மொழிப் பட்டியலைப் பாருங்கள். இன்டர்ஃபேஸ், முழு ஆடியோ, சப்டைட்டில் என்று மூன்று கட்டம் இருக்கும். இன்டர்ஃபேஸுக்கு மட்டும் டிக் இருந்தால் குரல் வேறு மொழியில்தான். மொழியை மாற்ற, லைப்ரரியில் கேமின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், அதில் மொழி. குரல் கோப்புகள் தனியாக இறங்கினால் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஸ்பானிஷுக்கு ஸ்பெயின், லத்தீன் அமெரிக்கா என இரண்டு தேர்வுகள் இருக்கலாம். ‘நீங்கள் எல்லோரும்’ என்பதற்கு ஸ்பெயினில் ‘வொசோத்ரோஸ்’, லத்தீன் அமெரிக்காவில் ‘உஸ்தேதெஸ்’. வினை விகுதியும் மாறும். பாடநூல் எந்தப் பக்கமோ அதையே கேமிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச்சில் பல கேம்கள் கன்சோலின் மொழியைப் பார்த்தே தன் மொழியை முடிவு செய்யும். கேமுக்குள் தேடிக் கிடைக்காவிட்டால் கன்சோல் செட்டிங்ஸில் மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தெரிந்த மொழியில் ஒவ்வொரு மெனுப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மொழி மாறினாலும் வரிசை அநேகமாக மாறாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மெனுச் சொற்கள் முழுவதும் அகராதியே இல்லாமல் தெரிந்துவிடும். திரும்பிவரும் வழியும் கையில் இருக்கும்.

பிறகு கேமின் செட்டிங்ஸில்: வசனம் தானாக நகர்வதை அணையுங்கள், சப்டைட்டிலைப் போடுங்கள், எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள், இசையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக் குரலை முழுசாக வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டுக்கு விண்டோஸ் கீயுடன் ஷிஃப்ட், எஸ், ஸ்டீமில் எஃப்12, ஸ்விட்ச்சில் இடப்பக்கக் கன்ட்ரோலரின் சதுரப் பட்டன். அதையே அழுத்திப் பிடித்தால் அனுமதிக்கும் கேம்களில் கடைசி 30 வினாடி குரலோடு பதிவாகும்.

தெரியாத கஞ்சியைத் தட்டச்சு செய்து தேட முடியாது. போனில் கூகுள் லென்ஸைத் திரைக்கு நேராகக் காட்டுவது சுலபமான வழி. புள்ளி புள்ளியாக வரும் பழைய கேம் எழுத்துருவில் அது தப்பாகப் படிக்கும். கணினியில் விஷுவல் நாவல் என்றால் டெக்ஸ்ட்ராக்டர் என்ற இலவச மென்பொருள் வசனத்தை எழுத்தாகவே உருவி எடுக்கும். அதை பிரவுசரில் ஒட்டி, யோமிடான் என்ற நீட்சியைப் போட்டுக்கொண்டால் சொல்லின் மேல் சுட்டியை வைத்ததும் பொருள் வரும். உருவவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது டெக்ஸ்ட்ராக்டரின் பதிப்பு: 32 பிட் கேமுக்கு எக்ஸ்86, 64 பிட்டுக்கு எக்ஸ்64. மாற்றித் திறந்தால் எதுவும் வராது.

முதல் மணி நேரம் மெனுவுக்கே. ஜப்பானிய கேம் திறந்ததும் இரண்டு வரி நிற்கும்: ‘ஹஜிமெ கரா’, ‘த்ஸுஸுகி கரா’. ‘கரா’ என்றால் ‘இலிருந்து’. முதலாவது ஆரம்பத்திலிருந்து, அடுத்தது விட்ட இடத்திலிருந்து. இதை மாற்றி அழுத்தி, வரும் கேள்விக்கெல்லாம் ‘ஹை’ என்று தட்டினால், ஒரே சேவ் உள்ள கேமில் முப்பது மணி நேர ஆட்டம் அழிந்துபோகலாம். ‘ஹை’ ஆமாம், ‘ஈயெ’ இல்லை. ‘மொதொரு’ திரும்பு. இந்த ஐந்தும் தெரியாமல் எந்தப் பட்டனையும் தொடாதீர்கள்.

ஒரு வசனப்பெட்டியை என்ன செய்வது?

கிராமத்தில் ஒரு கிழவர் சொல்கிறார்: ‘கித்தா நோ தோகுத்ஸு நி வா இகனை ஹோ கா ஈ’. உங்களுக்குத் தெரிந்தது ‘இக்கு’ போ, ‘நி’ நம் ‘க்கு’, ‘ஈ’ நல்லது. முதலில் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். எங்கேயோ போவது பற்றி, நல்லது கெட்டது சொல்கிறார். இப்போது ஒரு யூகம்: ‘இகனை’யில் ‘னை’ எதிர்மறை, ஆகவே போகாதே என்கிறார். எங்கே? இந்த இடம் தெரியாவிட்டால் கதை நகராது. அதனால் ‘தோகுத்ஸு’வை மட்டும் தேடுங்கள்: குகை. ‘கித்தா’வைத் தேட வேண்டாம், வரைபடத்தைத் திறந்தால் குகை மேல்பக்கம் இருக்கிறது, ஆக வடக்கு. இப்படிக் கண்டுபிடித்த சொல் அகராதியில் பார்த்த சொல்லைவிட நன்றாகத் தங்கும். மொத்த வரியும் ‘வடக்குக் குகைக்குப் போகாமல் இருப்பது நல்லது’. ‘னை ஹோ கா ஈ’ என்ற வால் முழுக்க நம் ‘ஆமல் இருப்பது நல்லது’தான்; அதை இலக்கணக் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

இதில் எது ஆன்கிக்குப் போக வேண்டும்? வடக்கு போகலாம், நாளைக்கு ரயில் நிலையப் பலகையிலும் வரும். குகை கேமோடு இருக்கட்டும். கேம் தானே பத்துத் தடவை ஞாபகப்படுத்தும்.

பொதுவான சல்லடை இது: முதல் தடவை கண்ணில் படும் சொல்லை விடுங்கள். மூன்றாவது தடவையும் வந்து நின்றால் அது உங்களுக்கு வேண்டிய சொல், தேடி அட்டையாக்குங்கள். கதையைத் தடுக்கும் சொல்லை உடனே தேடலாம், ஆனால் அட்டை வேண்டாம். ஆள் பெயர், மந்திரத்தின் பெயர், வாளில் பதினேழு வகை, இவற்றை ஒருபோதும் அட்டையாக்காதீர்கள்.

நேரத்தையும் இரண்டாகப் பிரியுங்கள். முதல் 25 நிமிடம் அகராதியோடு மெதுவாகத் தோண்டுவது. அடுத்த 25 நிமிடம் அகராதியை மூடிவிட்டு, புரிந்தது புரியட்டும் என்று ஓடுவது. தோண்டிக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் நான்கு வசனம்தான் நகரும், கேம் கசந்துவிடும். ஓடிக்கொண்டே இருந்தால் கை மட்டும் கற்றுக்கொள்ளும், கண் எழுத்தைத் தாண்டிவிடும்.

அட்டையின் முன்பக்கம் முழு வாக்கியம், அதில் தெரியாத சொல் ஒன்றே ஒன்று, கூடவே ஸ்க்ரீன்ஷாட். பின்பக்கம் வாசிப்பு, தமிழ்ப் பொருள், முடிந்தால் குரல். இரண்டு சொல் தெரியாத வாக்கியத்தை ஒதுக்குங்கள், அது இன்னும் பழுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து முதல் எட்டு அட்டை போதும். உற்சாகத்தில் முதல் வாரம் தினம் முப்பது போட்டவர்கள், மூன்றாம் வாரம் செயலியைத் திறந்ததும் முந்நூறு அட்டை காத்திருப்பதைப் பார்த்து மூடிவிடுகிறார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் புதிய அட்டையைப் பூஜ்யமாக்கி, பழையதைத் தினம் ஐம்பதாக அடையுங்கள். எட்டுத் தடவை மறந்த அட்டையை ஆன்கி ‘லீச்’ என்று குறித்துவிடும். தமிழில் அதற்கும் அட்டை என்றே பெயர், பொருத்தம்தான், ரத்தத்தை உறிஞ்சுகிறது. உப்புப் போடுவதுபோல் யோசிக்காமல் நீக்குங்கள். வேண்டிய சொல்லாக இருந்தால் வேறு வாக்கியத்தில் திரும்ப வரும்.

காதுக்கு

கேம் கண்ணுக்கு நல்லது, காதுக்கு அரைகுறை. அதற்குத் தொடர்களும் காணொளிகளும். படத்தைவிடத் தொடர் மேல்: அதே ஆட்கள், அதே வீடு, அதே சொற்கள். முதல் முறை தெரிந்த மொழி சப்டைட்டிலோடு கதைக்காகப் பாருங்கள், இரண்டாம் முறை கற்கும் மொழியின் சப்டைட்டிலோடு நிறுத்தி நிறுத்தி, மூன்றாம் முறை நடக்கும்போது ஒலி மட்டும்.

டப்பிங் செய்த தொடரில் குரல் ஒன்று சொல்ல, எழுத்து வேறொன்று சொல்லும். கோளாறு அல்ல. டப்பிங் வசனம் வாயசைவுக்கு ஏற்ப எழுதியது, சப்டைட்டில் மூல வசனத்திலிருந்து, ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்ற அளவுக்குள் தனியாக மொழிபெயர்த்தது. கற்பவருக்கு அது பெரிய தொல்லை. பட்டியலில் ‘சிசி’ என்று குறித்த சப்டைட்டில் இருந்தால் அது குரலோடு ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். அதைவிட நல்லது, அந்த மொழியிலேயே எடுத்த நிகழ்ச்சி.

குழந்தைகள் நிகழ்ச்சி எளிது என்பது இன்னொரு தப்புக் கணக்கு; மிருக ஒலி, செல்லச் சொல், இட்டுக்கட்டிய சொல் நிறைந்திருக்கும். சமையல் காணொளி நூறு மடங்கு மேல்: நறுக்கு, கலக்கு, கொதிக்க விடு என்று சொல்லும்போதே கை செய்து காட்டும். செய்திக்கு, ஜப்பானின் என்எச்கே எளிய நடையில் ஃபுரிகனாவோடும் ஒலியோடும் தருகிறது. ஜெர்மனின் டாய்ச்ச வெல்லே மெதுவாக வாசிக்கும் செய்தி தருகிறது. பிரான்ஸின் ஆர்எஃப்ஐ எளிய பிரெஞ்சுச் செய்தி ஒலிபரப்புகிறது. வேகத்தைக் குறைத்தால் 0.75-க்குக் கீழே போகாதீர்கள், சொல் குழைந்துவிடும்.

வாய் திறக்கும்போது

கேமில் கற்றதை அப்படியே பேசினால் ஆபத்து. ஜப்பானிய கேம் நாயகன் தன்னை ‘ஒரெ’ என்பான், கிழவர் ‘வாஷி’ என்பார், வில்லன் எதிரியை ‘தெமே’ என்பான். முன்பின் தெரியாதவரிடம் ‘ஒரெ’ முரட்டுத்தனம், ‘தெமே’ சண்டைக்கு அழைப்பு. ‘வாஷி’ என்று இருபது வயதுக்காரர் சொல்வது, கடையில் போய் ‘யாம் வந்துள்ளோம்’ என்பதுபோல் இருக்கும். ‘வத்தாஷி’ எங்கேயும் பொருந்தும். பல இடத்தில் அதுவும் தேவையில்லை. பிரெஞ்சில் கேம் நண்பர்கள் ‘தூ’ போட்டுப் பேசுவார்கள், புதியவரிடம் ‘வூ’ வேண்டும். நமக்கு நீ, நீங்கள் பழகியதால் விதி புரியும், வினை விகுதியைத்தான் பழக வேண்டும். அட்டை போடும்போதே யார் யாரிடம் சொன்னது என்று இரண்டு சொல் எழுதி வையுங்கள்.

உச்சரிப்புக்கு, வசனப் பதிவைத் திறந்து ஒரு வரியைக் கேட்டு, கூடவே அரை வினாடி தாமதத்தில் சொல்லி, போனில் பதிந்து ஒப்பிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும்.

மனிதரோடு ஆட நினைத்தால் சீட்டு, பலகை போன்ற முறை மாறும் ஆன்லைன் கேமில் தொடங்குங்கள். யோசித்துத் தட்டச்சு செய்ய நேரம் இருக்கும். ஜப்பானியர்களோடு ஆரம்பத்தில் ‘யொரொஷிக்கு ஒநெகை ஷிமாஸ்’, முடிவில் ‘ஒத்ஸுகரெசமா தெஷ்தா’. இந்த இரண்டையும் சொல்பவரிடம் நடுவில் தப்புத்தப்பாகப் பேசினாலும் பொறுத்துக்கொள்வார்கள். சாட் முடிந்ததும் ஜப்பானியத் தட்டச்சு முறையை அணைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் உங்கள் வீரர் நின்ற இடத்திலேயே அடி வாங்கிக்கொண்டிருப்பார், நடப்பதற்கு அழுத்திய பட்டனெல்லாம் திரையின் மூலையில் எழுத்தாகக் குவிந்துகொண்டிருக்கும்.